வயல்வேலைக்குரிய காரப் பானங்கள்

சிறுபோகத்திற் கச்சான் காற்று வீசத் தொடங்கியபின், முற்பகல் பத்து மணிக்கே வயல்வரம்பு காலைச் சுடும். அவ்வேளையிற் களை பிடுங்குவோரும், மிளகாய்த் தோட்டத்திற் பழம் ஆய்வோரும், அருவிவெட்டில் நிற்போரும் தம்முடலிலிருந்து எவ்வளவு நீர் கழிகின்றதென்பதை அறிவதில்லை. கடும் வெயிலில் உழைக்கும் ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வரையிலான வியர்வையை இழத்தல் கூடும். வியர்வை வெறும் நீரன்று. காய்ந்த சட்டையின் முதுகிற் படிந்திருக்கும் வெண்மையான படலம் உடலிலிருந்து வெளியேறிய உப்பேயாகும். எனவே இழந்த நீரோடு சிறிதளவு உப்பும் உடலுக்குத் திரும்பச் சேர்தல் வேண்டும்.

பெரும்பாலான கமக்காரர் வயலுக்குக் கொண்டு செல்வது ஒரு போத்தல் தண்ணீரும் சிறிது தேநீருமே. தண்ணீர் பதினொரு மணிக்குள் வெயிலிற் சூடாகிவிடுகின்றது. சூடான தண்ணீரைக் குடிக்க மனம் வருவதில்லை. ஆகவே போத்தல் அரைவாசி நிரம்பியபடியே மாலையில் வீடு திரும்புகின்றது. தாகம் தோன்றும்போது உடல் முன்னரே நீர்க்குறைவுற்றிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. புளிப்பும் உப்பும் சிறு காரமும் சேர்ந்த பானமோ சற்றுச் சூடேறியபின்னும் வாய்க்குப் பிடிக்கும், பசியையும் தூண்டும். முன்னோர் வயலுக்கு மோர்க்குடம் அனுப்பிய வழக்கத்தில் இவ்வனுபவ அறிவு அடங்கியுள்ளது.

இவ்விடயம் சுவையோடு மாத்திரம் தொடர்புடையதன்று. நீரிழிவோ உயர் இரத்த அமுக்கமோ இல்லாத கமக்காரரையும் பற்றும் ஒருவகை நாட்பட்ட சிறுநீரக நோய் 1990 ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்திற் கவனிக்கப்பட்டது. பின்னர் வவுனியா, திருகோணமலை முதலிய உலர்வலய மாவட்டங்களிலும் அந்நோயாளர் காணப்பட்டனர். குடிநீரின் தன்மை, கமச்செய்கையிற் பயன்படும் இரசாயனப் பொருள்கள், போதிய நீரருந்தாது வெயிலில் நெடுநேரம் உழைத்தல் ஆகியன இதன் காரணங்களாக ஆராயப்பட்டுள்ளன. இதுவே காரணமென ஒன்றும் இன்னும் அறுதியிடப்படவில்லை. ஆயினும் வெயிலில் உடல் வறளுதல் சிறுநீரகத்துக்குத் தீங்கு என்பதில் ஐயமில்லை. கமக்காரர் தாமே இன்றைக்கே திருத்திக்கொள்ளக்கூடியதும் அதுவேயாகும்.

காரம் என்பது யாது?

மிளகாயின் காரத்துக்குக் காரணமாயுள்ள பொருள் கப்சேயிசின் எனப்படும். விதையே காரமுடையது எனப் பலர் எண்ணுவர். அது பிழை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான நடுப்பகுதியிலேயே இப்பொருள் மிகுதியாக உண்டு. விதை அதனோடு உராய்ந்திருப்பதனால் அதன் காரத்தைப் பெறுகின்றது. வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளிலுள்ள ஒரு புரதத்தை இப்பொருள் தூண்டுகின்றது என்பதை 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் யூலியசு என்பாரின் ஆய்வுக் குழுவினர் கண்டறிந்தனர். அதன் பொருட்டு 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வெப்பத்தில் விழித்துக்கொள்ளும் அதே புரதத்தை மிளகாயும் எழுப்புவதால், உண்மையில் வாய் சூடேறாதபோதிலும், சுட்டதாக உடல் எண்ணி வியர்வையைச் சுரக்கின்றது. அவ்வியர்வை காற்றில் உலரும்போது தோல் குளிர்கின்றது.

இவ்வாறு குளிர்தல் இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. காற்று உலர்ந்ததாயிருத்தல் வேண்டும். வியர்த்த நீருக்கு ஈடான நீரை அருந்துதலும் வேண்டும். புழுக்கமான நாளில் வியர்வை உலராது சொட்டி வீணாகும். அந்நாட்களிற் காரத்தைக் கூட்டுதல் பயன் தராது. நீரின் அளவையே கூட்டல் வேண்டும்.

கப்சேயிசின் நீரிற் கரைவது அரிது. கொழுப்பில் நன்கு கரையும். கடுங்காரம் உண்டபின் தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் எரிவு தணியாமையும், பாலோ தயிரோ ஒரு வாய் அருந்தியதும் தணிவதும் இதனாலேயே. பாற்புரதமும் கொழுப்பும் அப்பொருளைப் பற்றி நாக்கிலிருந்து அகற்றுகின்றன. ஆகவே ஒரே அளவு மிளகாயை மோரிலும் தேசிக்காய்த் தண்ணீரிலும் இட்டால் தேசிக்காய்த் தண்ணீரே மிகுதியாக உறைக்கும். இனிப்பும் காரத்தை ஓரளவு மறைக்கும். 1912 இல் ஸ்கோவில் என்னும் அமெரிக்கர் மிளகாயின் காரத்தை அளந்த முறையும், அதன் சாற்றைச் சீனி நீரிற் காரம் தெரியாமற் போகும் வரை கலந்து சுவைத்துப் பார்ப்பதாகவே இருந்தது.

இஞ்சியின் காரம் வேறு பொருளாலாயது. பச்சை இஞ்சியை உலர்த்தி வேர்க்கொம்பாக்கும்போது அப்பொருளின் ஒரு பகுதி மேலும் காரமான வேறொரு பொருளாக மாறுகின்றது. எனவே பச்சை இஞ்சிக்குப் பதிலாக வேர்க்கொம்பை இடுவோர் அளவை வெகுவாகக் குறைத்தல் வேண்டும். நம் நாட்டிற் பயிராகும் இஞ்சியில் உள்ளூர் இனம், இரங்கூன் இனம், சீன இனம் என மூன்று உண்டு. சீன இனத்தின் கிழங்கு பருத்து, சாறு மிகுந்து, காரம் குறைந்திருக்கும். உள்ளூர் இனத்தின் கிழங்கு சிறிது. காரமும் மணமும் அதற்கே மிகுதி. சந்தையிற் பெரிய கிழங்கையே தேடி வாங்கும் வழக்கம் பானத்துக்குப் பொருந்தாது.

நீரும் பாத்திரமும்

பானத்தின் பெரும்பகுதி நீரேயாதலால், கொதித்தாறிய நீரையே பயன்படுத்துக. வயலோரக் கிணறும் வாய்க்காலும் எவ்வளவு தெளிந்திருப்பினும் நம்பத்தக்கன அல்ல. எலிக்காய்ச்சற் கிருமி வயல் நீரில் வாழக்கூடியது. அது பெரும்பாலும் காலிலும் கையிலுமுள்ள காயங்கள் வழியாகவே உடலுட் புகுமெனினும், வாய் வழியாகவும் புகலாம். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அழுக்கு நீர் தூய்மையாகிவிடும் என்பது வீண் நம்பிக்கை.

கிருமிநாசினியோ களைகொல்லியோ வந்த போத்தலையும் கலனையும் எத்தனை முறை கழுவினும் குடிபானத்துக்குப் பயன்படுத்தலாகாது. இதில் விதிவிலக்கு இல்லை. அவ்வாறே, குடிபானம் வந்த போத்தலில் மருந்தை ஊற்றி வயல்வாடியில் வைத்தலும் கூடாது. தாகத்தோடு வருபவர் போத்தலின் வடிவத்தைப் பார்த்தே கையை நீட்டுவர். மருந்து விசிறியவர் கையையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே பானத்தைத் தொடுதல் வேண்டும்.

புளித்த பானங்களை அலுமினியம், பித்தளை, செம்பு ஆகிய பாத்திரங்களில் வைத்திருத்தல் தகாது. அமிலம் உலோகத்தை அரித்துப் பானத்திற் கலக்கச் செய்யும். மண்பாத்திரம், கண்ணாடி, வீடுகளிற் 'சில்வர்' என வழங்கும் துருவேறா உருக்கு ஆகியன ஏற்றவை. இவற்றுள் வயலுக்கு மிகச் சிறந்தது மண்கூசா. அதன் நுண்டுளைகள் வழியாகக் கசியும் நீர் உலரும்போது உள்ளிருக்கும் பானம் குளிர்கின்றது. வியர்வை தோலைக் குளிர்விக்கும் அதே முறைதான் இதுவும். கூசாவை ஈரச் சாக்கினாற் சுற்றி, காற்றுப்படும் மரநிழலில் வைத்தல் நன்று. அடைத்த வாடிக்குள் வைத்தால் அப்பயன் கிட்டாது.

மோர்

வயலுக்கு ஏற்ற பானங்களுள் மோருக்கே முதலிடம் கொடுத்தல் தகும். நீர், உப்பு, புரதம், சுண்ணாம்புச் சத்து, பொற்றாசியம் ஆகியன ஒருங்கே அதில் உள்ளன. பால் குடித்தால் வயிறு பொருமும் என்போரிற் பலருக்கும் மோர் ஒத்துக்கொள்ளும். பாலிலுள்ள வெல்லத்தின் ஒரு பகுதியைத் தயிராக்கும் பற்றீரியாக்கள் முன்னரே இலற்றிக்கமிலமாக மாற்றிவிடுகின்றன.

ஒரு லீற்றர் மோருக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு, அதாவது ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் தயிர் போதுமானது. எருமைத் தயிராயின் சற்றுக் குறைத்து, மத்தினால் நன்கு கடைந்து, திரளும் வெண்ணெயை எடுத்துவிடுக. வெண்ணெய் எடாத மோர் வெயிலில் விரைவிற் சிக்கு நாற்றமடையும். கடும் வேலையின் நடுவே வயிற்றிற் பாரமாகவும் இருக்கும்.

ஒரு பச்சை மிளகாயை நெடுக்காகக் கீறி நடுப்பகுதியை நீக்குக. பெருவிரலின் நுனியளவு இஞ்சியைத் தோல் சீவி, பத்துக் கறிவேப்பிலையுடனும் உப்புடனும் சேர்த்து உரலில் இலேசாக இடிக்குக. அரைத்தல் வேண்டாம், அரைத்த இஞ்சி மோரிற் கசப்பை ஏற்றும். இடித்ததையும் கீறிய மிளகாயையும் மோரில் இட்டுக் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்க. மிளகாயை அதனுள்ளேயே விட்டு வயலுக்குக் கொண்டு சென்றால், நேரம் செல்லச் செல்ல உறைப்பு ஏறி, பிற்பகலில் எவரும் குடிக்க முடியாததாகிவிடும். இவ்விடயத்திற் பலர் தவறுகின்றனர். சின்ன வெங்காயம் விரும்புவோர் அதனைத் தனியே கொண்டு சென்று, குடிக்கும் வேளையில் நறுக்கிப் போடல் நன்று. காலையில் வெட்டிய வெங்காயம் மதியத்தில் நாறும். மோர் புளியாதிருப்பின் அரைத் தேசிக்காயைப் பிழியலாம். புளித்த மோருக்கு அது வேண்டியதில்லை.

உப்பின் அளவிற் கவனம் வேண்டும். ஒரு தட்டைத் தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 5 கிராம். ஒருவர் ஒரு நாளில் உண்ணத்தக்க உப்பின் மொத்த அளவே 5 கிராமுக்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வெயிலில் வியர்த்து உழைப்பவர் உப்பை இழக்கின்றாராயினும், அவர் உண்ணும் சோற்றிலும் கறியிலும் கருவாட்டிலும் உப்பு முன்னரே உண்டு. எனவே சாதாரண நாட்களில் ஒரு லீற்றருக்குக் கால் தேக்கரண்டியும், சூடடிப்பு, அருவிவெட்டு போன்ற கடும் வேலை நாட்களில் அரைத் தேக்கரண்டியும் போதும். உயர் இரத்த அமுக்கம் உள்ளவர் வைத்தியரைக் கேளாது உப்புப் பானம் அருந்தலாகாது.

மோரை விடியலிற் கலந்து, நண்பகலுக்கு முன் அருந்தி முடித்தல் வேண்டும். பிற்பகலுக்கு வேண்டுமாயின் தயிரைத் தனியே மூடிக் குளிரான இடத்தில் வைத்து, வேண்டும்போது கலந்து கொள்க.

ஊறுகாய்த் தண்ணீர்

யாழ்ப்பாணத்துக் கோயிற் திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தலில் நின்றவர் எவரும் இதனை அறிவர். சர்க்கரைத் தண்ணீரும் மோரும் ஒருபுறமிருக்க, வெயிலில் வந்தவர் பலர் தேடிக் குடிப்பது ஊறுகாய்த் தண்ணீரையே. இதனை வயலுக்குக் கொண்டு செல்லும் வழக்கம் அருகியுள்ளமை வியப்புக்குரியது. பால் சேராததால் இது மோரைப்போல விரைவிற் கெடாது. கறவை இல்லாத வீட்டிலும் செய்யலாம்.

இதற்கு வேண்டியது எண்ணெய் சேராத உப்பு ஊறுகாய். ஒரு கிலோகிராம் தேசிக்காயைக் கழுவித் துடைத்து, அடி பிரியாதபடி நான்காகக் கீறி, 200 கிராம் உப்பை உள்ளே அடைத்து, சாடியில் இட்டு மூடுக. நாள்தோறும் ஒருமுறை சாடியைக் குலுக்கல் வேண்டும். ஒரு கிழமையில் தோல் மெதுவாகிச் சாறு விடும். பின்னர்ப் பகலில் வெயிலிற் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே சாற்றில் இட்டுவர, சாறு முழுவதும் வற்றும். ஈரக்கை படாது வைத்தால் ஆண்டு முழுவதும் கெடாதிருக்கும். தேசிக்காய் மலிந்து, சந்தைக்குக் கொண்டு செல்லும் கூலிக்கும் கட்டாத காலத்தில் மரத்தடியில் உதிர்ந்து அழுகவிடுவதிலும் இது மேலானது.

இருபத்தைந்து காய்கள் ஒரு கிலோகிராம் நிற்குமாயின், ஒவ்வொரு காயிலும் ஏறத்தாழ 8 கிராம் உப்பு இருக்கும். எனவே ஒன்றரை லீற்றர் நீருக்கு அரை ஊறுகாய்க்கு மேல் இடலாகாது. அதுவே 4 கிராம் உப்பாகும். தண்ணீர்ப் பந்தலில் ஒரு பேணி குடிப்பவருக்கு எவ்வளவு உப்பாயினும் பெரிதன்று. வயலில் இரண்டு மூன்று லீற்றர் குடிப்பவருக்கு இக்கணக்கு இன்றியமையாதது. ஆகையால் இதனை ஒன்றரை லீற்றருடன் நிறுத்தி, எஞ்சிய வேளைக்கு வெறும் நீரையே அருந்துக.

அரை ஊறுகாயை விதை நீக்கிச் சிறிது நீரிற் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, கையினாற் பிசைந்து, எஞ்சிய நீரையும் ஊற்றி வடிகட்டுக. கீறிய பச்சை மிளகாய் ஒன்றை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் போதும். முன்னர்க் கூறியவாறு, பால் சேராத பானத்திற் காரம் நேரே நாக்கைத் தாக்கும். உப்பு வேறாகச் சேர்க்க வேண்டியதில்லை.

பானகமும் மல்லித் தண்ணீரும்

பனங்கட்டிப் பானகம் களைத்த உடலுக்கு விரைவில் வலுவூட்டும். ஒரு லீற்றர் நீருக்கு 60 கிராம் பனங்கட்டி, ஒரு தேசிக்காயின் சாறு, கால் தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூள், எட்டு மிளகு இடித்தது, ஒரு சிட்டிகை உப்பு, மணத்துக்கு ஓர் ஏலக்காய். பனங்கட்டியை வெந்நீரிற் கரைத்து வடித்த பின்னரே ஏனையவற்றைச் சேர்க்க. ஓலைத் துணுக்கும் மணலும் அதில் இருத்தல் உண்டு. 60 கிராமுக்கு மேல் இனிப்பைக் கூட்டினால் நீர் வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்கத் தாமதமாகும்; தாகமும் தீராது. கடைகளில் விற்கும் சோடா வகைகள் பலவற்றில் இனிப்பு இதனிலும் மிகுதி. நீரிழிவுள்ளவருக்குப் பனங்கட்டியும் சீனியும் இவ்விடயத்தில் ஒன்றே.

மல்லித் தண்ணீர் எல்லோரும் அறிந்ததே. வாடைக்காற்றுக் காலத்தில், பெரும்போக நாற்று நட்டு நனைந்து வருவோருக்குச் சூடாகக் கொடுக்கத் தக்கது. இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வாசனை எழ வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்புடன் மூன்று கோப்பை நீரில் இட்டு இரண்டாக வற்றக் காய்ச்சினால் இருவருக்குப் போதும்.

நுரைக்கும் இஞ்சிப் பானம்

இது வயலுக்குரியதன்று, வீட்டுக்குரியது. புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் வரும் விருந்தினருக்குக் கொடுக்கலாம். உறைப்பான கறிகளுடன் அருந்த ஏற்றது. ஆயினும் சரியாகச் செய்யாவிடின் ஆபத்து உண்டாதலால், முறையை முழுவதும் வாசித்த பின்னரே தொடங்குதல் வேண்டும்.

100 கிராம் உள்ளூர் இஞ்சியைக் கழுவி நசுக்கி, 200 கிராம் சீனியுடன் ஒரு லீற்றர் நீரிற் பத்து நிமிடம் கொதிக்க வைக்குக. பின்னர் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரைச் சேர்த்து, விரலுக்கு இளஞ்சூடாகத் தோன்றும் நிலையில் இரண்டு தேசிக்காயின் சாற்றையும், பாண் செய்யப் பயன்படும் உலர் மதுவத்திற் கால் தேக்கரண்டியையும் இடுக. சூடு மிகுதியாயின் மதுவம் இறந்துவிடும். துணியால் மூடி ஓர் இரவு வைத்து, மறுநாட் காலையில் வடிகட்டுக.

மதுவம் சீனியை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவையும் சிறிதளவு அற்ககோலையும் உண்டாக்குகின்றது. நுரைக்குக் காரணம் அவ்வாயுவே. மூடிய போத்தலுள் அது வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும். கண்ணாடிப் போத்தலாயின் வெடித்துத் துண்டுகள் சிதறும், கண்ணிழக்கவும் நேரிடலாம். ஆதலால் சோடா வந்த பிளாத்திக்குப் போத்தலையே, நன்கு கழுவி, நான்கு விரற்கடை இடைவெளி விட்டு நிரப்பி மூடுக. நிழலில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் பெரும்பாலும் ஒரு நாளில் போத்தல் கல்லுப்போல இறுகும். இறுகியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில நாட்களுள் அருந்தி முடிக்குக. குளிரில் மதுவத்தின் வேலை மந்தமாகுமேயன்றி முற்றாக நில்லாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டினர் இறுகிய அன்றே திறந்து குடித்துவிடல் வேண்டும்.

அற்ககோல் சிறிதேயாயினும் இருப்பதனால் சிறுவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மதுவை விலக்கியோருக்கும் இதனைக் கொடுத்தலாகாது. அவர்களுக்கு மதுவமிடாத இஞ்சி நீரே போதும். நுரை ஒன்றுதான் குறையும்.

மிளகாய்த் தேசிச் சாறு

பச்சை மிளகாய் ஒரே வாரத்திற் குவிந்து விலை சரியும்போது செய்யத்தக்கது இது. ஒரு கிலோகிராம் சீனி, அரை லீற்றர் நீர், நசுக்கிய இஞ்சி 50 கிராம் ஆகியவற்றைக் கொதிக்கவைத்து இறக்குக. அச்சூட்டில் ஆறு கீறிய மிளகாயைப் பத்து நிமிடம் இட்டு எடுத்து, வடித்து, முற்றாக ஆறிய பின்னர் அரை லீற்றர் தேசிச்சாறும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்க்க. சூட்டிற் சாற்றைச் சேர்த்தால் மணம் போய்க் கசப்பு மிஞ்சும். வெந்நீரிற் கொதிக்க வைத்து உலர்த்திய கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை இருக்கும். ஒரு பங்குக்கு ஆறு பங்கு நீர் கலந்து அருந்துக.

தோட்டத்து மிளகாயையும் கறிவேப்பிலையையும் இவ்வாறு சமைக்காது பயன்படுத்துகையில், கடைசியாக மருந்து விசிறிய நாளை நினைவிற் கொள்ளல் வேண்டும். மருந்துப் போத்தலின் சிட்டையில் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியாத காய் சந்தைக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. சந்தைக்கு அனுப்பும் பாத்திக்கு மருந்தும், வீட்டுப் பாவனைக்கு மருந்தடியாத ஒரு மூலையும் வைத்திருப்போர் உளர். அவ்வழக்கத்தின் நியாயத்தை அவர்களே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இச்சாற்றை விற்க எண்ணுவோர் முதலில் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகுக. விற்பனைக்குரிய உணவு யாவும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைந்ததாயிருத்தல் வேண்டும். மாதர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து செய்யுமாயின் போத்தலும் சீனியும் மொத்தமாக மலிவாகக் கிடைக்கும்.

அருந்தும் முறை

வெயிலில் வேலை செய்யும்போது கால் மணித்தியாலம் முதல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, அதாவது ஏறத்தாழ 240 மில்லிலீற்றர் வீதம் அருந்துதல் முறையாகும். மணிக்கணக்காகக் குடியாதிருந்து ஒரே மூச்சில் ஒரு செம்பு நிறையக் குடிப்பது பயன் குறைந்தது. ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றருக்கு மேல் குடித்தலும் தீங்கு. இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும். இவ்வளவில் அரைவாசிக்கு மேல் வெறும் நீராகவும், எஞ்சியது மோர் அல்லது ஊறுகாய்த் தண்ணீராகவும் இருக்கலாம். சிறுநீர் கடும் மஞ்சளாகவோ குறைவாகவோ போகுமாயின் அருந்தியது போதவில்லை எனக் கொள்க.

வயிற்றெரிவு, குடற்புண் உள்ளவர் மிளகாயையும் மிளகையும் விலக்கி, இஞ்சியைச் சிறிதாக இட்ட மோரை அருந்தலாம். சிறுநீரக நோய் உண்டென அறியப்பட்டவர் இப்பானங்களில் எதனையும், இளநீரையுங்கூட, வைத்தியரின் அனுமதியின்றி அருந்தலாகாது. அவற்றிலுள்ள உப்பையும் பொற்றாசியத்தையும் பழுதுற்ற சிறுநீரகம் வெளியேற்ற மாட்டாது.

வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டவருக்குக் காரப் பானம் ஏற்றதன்று. அவருக்கு ஜீவனிக் கரைசலைக் கொடுத்தல் வேண்டும். அது கைவசம் இல்லாவிடின், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சீனியும் அரைத் தட்டைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்குக.

வெயிலில் நின்றவர் தலைசுற்றி, பேச்சுக் குழறி, நிலைதடுமாறினால் உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுதல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்சு வண்டி வரும். அறிவு தெளிவாக இல்லாதவரின் வாயில் மோரோ தண்ணீரோ ஊற்றலாகாது. அது மூச்சுக்குழாயினுட் செல்லும்.